மலையடி ஊரின் பாதையில் ஓர் ஆள்

பழைய படத்தை அழிக்க அச்சுக்கல்லில் மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பைண்டிங் மாரியப்பன் வந்து, "தேவசகாயம் அண்ணாச்சி தவறிட்டாகளாம்" என்றான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். காதில் விழாமல் இல்லை, நம்ப மனமில்லை.

சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்தக் காலண்டர் படத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பாதிரியாரிடமிருந்து முதலாளி ஒரு தபால் அட்டை வாங்கி வந்தார். பிரான்சு தேசத்தில் மலையடியில் ஒரு சின்ன ஊர். கூம்பு வைத்த தேவாலயம், ஓட்டு வீடுகள், ஊரை விட்டு வளைந்து போகிற ஒரே பாதை. ஓவியரான அண்ணாச்சி அதைக் கல்லில் வரைந்தார். காலண்டர் பிய்த்துக்கொண்டு போயிற்று. அன்றோடு மனிதர் மாட்டிக்கொண்டார். சீசன் முடிந்ததும் அடுத்த ஆர்டருக்காக நான் கல்லைத் தேய்த்து வெறுமையாக்குவேன். மறுவருஷம் அதே ஊரை மறுபடி வரைவார். வேறு படம் போடுகிறேன் என்று கேட்டால் முதலாளி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

தாளில் நேராக விழ வேண்டுமானால் கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். "என்னைய அங்கன இறக்கிவிட்டா கோயிலுக்கு வழி தெரியாம முழிப்பேன்லே" என்பார். பாதி வேடிக்கை, பாதி எரிச்சல்.

ஒருமுறை மதுரை அச்சகம் ஒன்று அவரைக் கூப்பிட்டது. தகரப் பெட்டிகூட வாங்கிவிட்டார். ஒருவர் ஆளை மற்றவர் இழுக்கக் கூடாது என்பது முதலாளிகளுக்குள் பேச்சு. எங்கள் முதலாளி ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார், மதுரைக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அந்தப் பெட்டியில் தூரிகைகளைப் போட்டு வைத்தார் அண்ணாச்சி.

அந்த வருஷம் பாதையில் ஓர் ஆளை வரைந்தார். முதுகு மட்டும்தான் தெரியும். கையில் பெட்டி, லேசான கூனல். அசல் அவரேதான். சோதனைக்கு அடித்த புரூப் தாளைப் பார்த்த முதலாளி, "ஊரு மட்டும் போதும். ஆளு எதுக்கு?" என்று என்னைப் பார்த்தார். கல்லிலிருந்து அந்த ஆளைச் சுரண்டி எடுக்க நான் கத்தியை எடுத்தேன். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார்.

"கொஞ்சம் பொறுலே. அந்த வளைவத் தாண்டிக்கிடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுரண்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது. அதன் பிறகு சாகிற வரைக்கும் அவர் அந்தப் பாதையில் யாரையும் வரையவில்லை.

அந்தப் புரூப் தாளை மட்டும் நான் எடுத்து வைத்திருந்தேன். அவரோடு சவப்பெட்டியில் வைத்துவிடலாமென்று கொண்டு போனேன். அங்கேயும் அடைத்துப்போட மனம் வரவில்லை. இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வளைவுக்கு இன்னும் இரண்டு விரற்கடை தூரம். இந்தத் தடவை நான் பொறுத்திருப்பேன், அண்ணாச்சி.