ஏரியூர் கீழ்த்தெரு அலாரம்

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் கேபிள் இன்டர்நெட் கம்பெனியில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். ஊர் ஊராக நாங்கள் மாட்டியிருக்கும் பெட்டிகள் தங்கள் சேதியை ஒற்றை வரி ஆங்கிலத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் படித்து, எது சும்மா பேச்சு, எது ஆபத்து என்று பிரிப்பது மென்பொருளின் வேலை. எப்படிப் பிரிப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

பெட்டி செயலிழந்தால் சேதியில், ‘விழுந்துவிட்டது’ என்ற அர்த்தத்தில், ‘டவுன்’ என்ற சொல் வரும். ஆகவே வரியில் எங்கே ‘டவுன்’ தென்பட்டாலும் திரையில் சிவப்பு அலாரம் வந்து, அந்தப் பக்கத்து லைன்மேனின் போனும் அடிக்கும்படி விதி எழுதினேன். முதலாளி பார்த்துவிட்டு, “சிவப்பு வந்தா கேள்வியே கேக்கக் கூடாது, வண்டிய எடுத்துரணும்” என்று உத்தரவு போட்டார்.

பென்னாகரம் பக்கம் லைன் பார்ப்பவர் முப்பதை நெருங்கும் ஒரு தம்பி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆள். மறுநாளே அவருக்கு ஏரியூரிலிருந்து அலாரம். பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, பொட்டி நல்லாத்தான் ஓடுதுங்க.”

“சரியா பாத்தீங்களா தம்பி? இங்க ‘ஏரியூர் டவுன்’னு செவப்பா நிக்குது.”

“பொட்டி மாட்டியிருக்கற வூட்லயே டிவில நாடகம் ஓடிட்டு இருக்குதுங்க.”

அந்த வீட்டில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். ஏரியூரில் கரண்ட் போனால் ஓர் அலாரம், வந்தால் ஓர் அலாரம். தம்பி போனார், திறந்தார், மூடினார், திரும்பினார். முதலில் தண்ணீர் கொடுத்த அந்த அம்மா பிறகு டீ கொடுத்தார். அதற்குப் பிறகு அவித்த கடலைக்காய் வந்தது.

ஒரு மத்தியானம் அந்த அம்மாவே ஆபீசுக்குப் போன் செய்தார்.

“ஏங்க மேடம், உங்க ஆபீஸ் தம்பி ஒண்ணு எங்க வூட்டுக்கு வந்துட்டே இருக்குதுங்க. பொட்டியத் தொறக்குது, பாக்குது, மூடிட்டுப் போயிருது. என்னா சமாச்சாரமுங்க?”

“அலாரம் வருதுங்கம்மா.”

“எங்களுக்கு ஒண்ணும் கேக்கலீங்களே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

ஆகவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஏரியூர்ப் பெட்டியின் சேதியை முதல்முறையாக முழுசாகத் திறந்தேன். என் திரையில் அந்தக் கட்டம் குறுகல். முதல் இரண்டு சொற்களுக்குமேல் தெரியாது. இழுத்து அகலமாக்கினால், ‘ஏரியூர் டவுன் ஸ்ட்ரீட்: கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது, குறை ஒன்றும் இல்லை’ என்று இருந்தது. ‘நான் நலம்’ என்று எழுதிய சேதிக்கெல்லாம் நாங்கள் ஆளை விரட்டியிருக்கிறோம்.

தம்பியைக் கூப்பிட்டேன். “அந்தப் பொட்டிக்கு யாரு பேரு வெச்சது?”

“நாந்தாங்க. இங்கிலீஷ்ல இருக்கணும்னு சொன்னீங்க. கீழ்த்தெருவ அப்படியே மாத்திட்டேன். கீழன்னா டவுன்தானுங்களே.”

விஷயத்தைச் சொன்னேன். அலைந்த அலைச்சலுக்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, “அப்ப இனிமே அலாரம் வராதுங்களா?” என்றார்.

“இன்னைக்கே சரி பண்ணிடறேன்.”

“அவசரமில்லீங்கக்கா. மெதுவா பண்ணுங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா விசாரித்ததைச் சொன்னதும் தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெண் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “இன்னைக்கும் அலாரமுங்களா?” என்று கேட்குமாம். இவர் சாட்சிக்குப் போனை எடுத்துக் காட்டுவாராம்.

சாயங்காலமே விதியை மாற்றினேன். பெட்டியின் பெயரை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் வரும் சேதியில் மட்டும் ‘டவுன்’ தேடச் சொன்னேன். நிஜமாகவே விழுந்தால் காட்டுகிறதா என்று ஆபீசில் கிடந்த பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு வந்தது. ஏரியூர் அடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு ஏரியூர் போனார். வீட்டுக்குள் நுழையுமுன் பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். உள்ளேயிருந்து அந்தப் பெண், “அலாரம் இல்லாம வரத் தெரியுமான்னுதான் பாத்துட்டு இருந்தேன்” என்றதாம்.

தையில் கல்யாணம். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுபோய், “இந்தச் சம்பந்தத்த முடிச்சுக் குடுத்தவங்க” என்று உறவுக்காரர்களிடம் காட்டினார். நான் மறுக்கவில்லை. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.