ஏழு சுற்று

கொண்டாப்பூர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால் சம்பந்தத்தைத்தான் கூப்பிடுவார்கள். தென்காசிப் பக்கத்து ஆள். ஹைதராபாத் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எஃகுக் கயிற்றின் முனையைக் கையால் தடவிப் பார்க்காமல் ஒரு லிஃப்ட்டையும் ஓடவிட மாட்டார். “அதான் ஒரு தடவ பாத்தாச்சே சார்” என்று குடியிருக்கும் தமிழ்ப் பையன்கள் யாராவது சலித்துக்கொண்டால், “ஏறப்போறது நீதானடே” என்பார். அப்படிப்பட்ட மனுஷன் தன் கையால் போட்ட ஒரு முடிச்சைத் திரும்பிப் பார்க்காமல் விட்டார். அதற்குப் பதினோரு மாதம் ஆகிறது.

அன்றிலிருந்து ஒரு சத்தம் அவரைத் துரத்துகிறது. தூண்டிலில் பெரிய மீன் இழுக்கும்போது ரீல் கிர்ர்ரென்று சுழலுமே, அந்தச் சத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸியில் கேட்கும். லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டினால் மேலேயிருந்து கேட்கும். ஓடிக்கொண்டே இருந்து வெடுக்கென்று நின்றுபோகும். அது நிற்பதைத்தான் அவரால் தாங்க முடியாது.

அவருடைய தூண்டில் கூட்டாளி ராகவேந்திரா, செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். வீடு சைனிக்புரியில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு குளத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குக் கரையோரம் விரால் துள்ளிக்கொண்டிருந்தது. விராலுக்குப் பல் உண்டு. அதனால் ரீலில் இருக்கும் மெல்லிய நைலானோடு முன்பக்கம் தடித்த நைலான் ஒரு முழம் சேர்க்க வேண்டும். இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சுற்றி, இரண்டு முடிச்சும் நடுவில் வந்து முட்டும்படி இழுக்க வேண்டும். தடித்ததுக்கு மூன்று சுற்றுப் போதும். மெல்லியது வழுக்கும், அதற்கு ஏழு வேண்டும்.

“ஜல்தி கட்டுப்பா, மீனு டாட்டா காட்டுது” என்று அவசரப்படுத்தினார் ராகவேந்திரா.

சம்பந்தம் இரண்டுக்கும் மூன்றே சுற்றுப் போட்டு, “இந்தா” என்று கொடுத்தார்.

தூண்டிலில் மீன் விழுந்தது. ரீல் கதறியது. நின்றது. நூல் விட்டுப்போய், மிதவை மட்டும் பத்தடி தூரத்தில் தண்ணீர்மேல் நகர்ந்தது. அதை எட்டிப் பிடித்துவிடலாம் என்று ராகவேந்திரா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மண் அள்ளிய குழி ஒன்று உள்ளே இருந்தது கரையிலிருந்து தெரியவில்லை. சம்பந்தத்துக்கு நீச்சல் தெரியாது. அவர் நீட்டிய தூண்டில் கம்பு எட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் சைனிக்புரிப் பக்கம் போகவில்லை. கல்லில் உரசித் தடித்த நூல் அறுந்திருந்தால், முடிச்சு அப்படியே மெல்லிய நூலின் நுனியில் இருக்கும். முடிச்சு உருவியிருந்தால் நுனி சுருண்டு கிடக்கும். பதில் அந்த ரீலிலேயே இருந்தது. ரீல் ராகவேந்திரா வீட்டுப் பரணில் இருந்தது.

போன மாதம் ராகவேந்திராவின் மனைவி விஜயகுமாரியே போன் செய்தார். “அந்தக் கம்ப தூக்கிப் போடுன்றா எம் பொண்ணு அக்ஷதா. நான் நக்கோ, போடாதேன்னுட்டேன். நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க.”

“வாரேன் மதினி” என்றார். சொல்லிவிட்டு மூன்று ஞாயிறு போகவில்லை. நாலாவது ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய் நின்றார்.

கம்பு பழைய பெட்ஷீட்டில் சுற்றியிருந்தது. ரீலில் நூல் நுனியை ரப்பர் பேண்ட் பிடித்திருந்தது. கழற்றி நாலு விரல் நீளம் இழுத்தார். ரீல் மெல்ல கிர்ரென்றது. நுனியில் முடிச்சு இல்லை. பன்றி வால் போல மூன்று சுருள். நீவிவிட்டார். மறுபடி சுருண்டது.

“என்ன பாக்குறீங்க?” என்று கேட்டார் விஜயகுமாரி.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்குச் சுருளுக்கும் அறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம்.

“நூல் அறுந்து போகல மதினி. முடிச்சு உருவிருக்கு. அத கட்டுனது நான்.”

விஜயகுமாரி நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏன் உருவுச்சு?” என்றார்.

“ஏழு சுத்து போடணும். மூணு போட்டேன். எச்சிலு தொட்டு நனைக்கக்கூட இல்ல. அவரு...” ஜல்தி என்று ராகவேந்திரா சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“இப்ப கட்டுங்க.”

“எதுக்கு மதினி?”

“கட்டுங்க. நான் பாக்கணும்.”

பெட்ஷீட்டுக்குள்ளேயே தடித்த நைலான் உருண்டையும் கிடந்தது. சம்பந்தம் தரையில் உட்கார்ந்தார். அவர் சுற்றச் சுற்ற விஜயகுமாரி வாய்விட்டு எண்ணினார். ஏழோடு நிறுத்தினார். சம்பந்தம் உதட்டில் வைத்து நனைத்து, மெதுவாக இழுத்தார். இரண்டு முடிச்சும் வந்து முட்டி இறுகின. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

விஜயகுமாரி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி, அதன்மேல் தடித்த நூலைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். அந்தப் பக்கம் சம்பந்தம் பிடித்திருந்தார். அந்த அம்மாள் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். சம்பந்தத்தின் விரலில் நூல் பதிந்து ரத்தம் கட்டியது. முடிச்சு நகரவில்லை.

“அப்ப அன்னிக்கும் நின்னிருக்கும்” என்றார் விஜயகுமாரி.

“நின்னிருக்கும்.”

திட்டுவார் என்று சம்பந்தம் காத்திருந்தார். விஜயகுமாரி கம்பை வாங்கி, ராகவேந்திராவின் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

“இது இங்கயே இருக்கட்டும். மாசம் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க. லிஃப்டுக்குப் பாப்பீங்கல்ல, அந்த மாதிரி.”

இந்த மாதமும் போனார். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். “நிக்கு மதினி” என்றார்.

“ஹவ், ஆமா” என்றார் விஜயகுமாரி. அவ்வளவுதான் பேச்சு.

திரும்பும்போது பேகம்பேட்டில் பஸ் சிக்னலுக்கு நின்றது. பக்கத்து ஆட்டோவின் இன்ஜினுக்குள் ரீல் ஓடத் தொடங்கியது. சம்பந்தம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது நிற்கப்போகும் நொடிக்காகக் காத்திருந்தார்.