மூன்று குரலில் ஓர் ஆபேரி

என் கணவர் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தார். எண்பத்தாறாம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது சிங்கப்பூரில் ஒரு கொம்பியூட்டர் வாங்கி வந்தார். பார்த்தால் தடித்த தட்டச்சுப் பலகை போலத்தான் இருக்கும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சியை அதில் கொழுவ வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்கக் கசெற் ரெக்கோடரைக் கொழுவ வேண்டும். "பிள்ளை வளர்ந்து படிக்கட்டும்" என்றார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. அவர் கப்பலுக்குத் திரும்பிய மறுவாரமே நான் கையேட்டைப் பிரித்தேன்.

பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் வரைக்கும் பாட்டும் படித்தவள். எங்கள் வீட்டில் இசை என்றால் அது அண்ணைதான். வயலினோடு மேடை ஏறியவர் அவர். நான் போட்ட மெட்டுகள் சமையலறையைத் தாண்டிப் போனதில்லை. அவற்றைக் கேட்டவர்களும் யாருமில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒலிக்கான கட்டளை இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல் எழுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். மூன்று பேர் என்னோடு சேர்ந்து வாசிக்கக் காத்திருப்பது போல இருந்தது.

ஒரு சுரத்துக்கு ஒரு எண். எண் கூடக்கூடச் சுரம் இறங்கியது. முதல் நாள் நான் ஆரோகணம் என்று எழுதியது அவரோகணமாக வந்தது. எண்ணை இரட்டித்தால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே போவதைக் கண்டதும், மிச்சம் என் தொழில் என்று விளங்கிவிட்டது. பாடசாலை மடக்கை வாய்பாட்டை எடுத்து வந்து, இரண்டின் மடக்கையைப் பன்னிரண்டால் பிரித்து, சுரத்துக்குச் சுரம் எண் கணித்தேன். பிள்ளை தூங்கும் பின்னேரங்களில், கொப்பி நிறைய எண்கள். ஒருநாள் இரண்டு மணித்தியாலம் தட்டியெழுதியதெல்லாம் கரண்ட் போன ஒரு நொடியில் அழிந்தது. அழுதேன். அதன்பிறகு பத்து வரிக்கொருமுறை கசெற்றில் சேமித்தேன்.

ஆபேரி ராகத்தில் நான் முன்பே போட்டிருந்த ஒரு மெட்டைத்தான் அப்படி எழுதினேன். மேலே மெட்டு, கீழே சுருதி, நடுவில் மெட்டுக்குப் பதில் சொல்லும் இன்னொரு குரல். முடிந்த அன்று அண்ணை சைக்கிளில் வந்தார்.

"உதென்ன சத்தம்? நுளம்பு பறக்கிற மாதிரிக் கிடக்கு."

"பாட்டண்ணை. என்ரை மெட்டு."

வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டார். "சுரமெல்லாம் சரி. ஆனால் ஆபேரியின்ரை காந்தாரம் உப்பிடிக் கம்பி மாதிரி நிக்குமோ? அது அசைய வேணும். உந்தப் பெட்டிக்கு உது வராது, பிள்ளை."

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்த இரண்டு வாரமும் அந்த ஒரு காந்தாரத்தோடுதான் போனது. மத்திமத்தின் எண்ணிலிருந்து காந்தாரத்தின் எண்ணுக்கு ஒரேயடியாகத் தாவாமல், இடையிலுள்ள எண்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வர எழுதினேன். முதலில் சைரன் போல ஊளையிட்டது. இறங்குவதைக் கொஞ்சம் விரைவாக்கி, அடியில் ஒரு கணம் நிறுத்தி, திரும்ப ஏறுவதை மெதுவாக்கினேன். ஒரு பின்னேரம் அது அசைந்தது. பாடகர் ஒருவர் மூச்சை இழுத்து அசைப்பது போலவே அசைந்தது. பத்துத் தடவை போட்டுக் கேட்டேன். தன்னந்தனியாக அறைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அண்ணை வந்ததும் பாட்டைப் போட்டேன். காந்தாரம் வந்த இடத்தில் அவர் தலை தானாக ஆடியது. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஆர் சொல்லித்தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நானாய்க் கணக்குப் பார்த்தனான்."

அடுத்த சனிக்கிழமை வயலினைக் கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் மூன்று குரலும் ஒலிக்க, அவர் கூட வாசிக்க, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அதன்மேல் ரெக்கோடரை வைத்தேன். மேடையில் மற்றவர்கள் அவரைப் பின்தொடர்ந்துதான் பழக்கம். ஒரு நல்ல பிடி வந்ததும் நீட்டினார். பெட்டி தன்பாட்டில் போய்விட்டது.

"இது எனக்காக நிக்காதோ?"

"நிக்காது அண்ணை. நீங்கள்தான் அதோடை வரவேணும்."

இரண்டாம் தடவை பாதியில் தெருவில் பாண் விற்கிறவனின் ஹோர்ன் புகுந்தது. மூன்றாம் தடவை பிள்ளை எழும்பி அழுதாள். நான்காவது தடவை யாரும் மூச்சுவிடவில்லை. கடைசிச் சட்சத்தில் வில்லை எடுத்த அண்ணை, ரெக்கோடரை நான் நிறுத்தும்வரை அசையாமல் நின்றார். கசெற் மட்டையில் 'இசையமைப்பு' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பரீட்சைத் தாள்களுக்கு வெளியே என் பெயரை அவ்வளவு கவனமாக எழுதியது அதுதான் முதல் தடவை. கீழே, வயலின் என்று போட்டு அண்ணையின் பெயர்.

அதில் ஒரு பிரதியைக் கணவருக்கு அனுப்பினேன். கப்பலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகவும், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டவர்களிடம் 'என்ரை மனிசியும் மச்சானும்தான்' என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார். ஒருவரும் நம்பவில்லையாம்.

சில மாதங்கள் கழித்து ஒரு கோயில் திருவிழாவில் அண்ணையின் கச்சேரி. முடிவில் சின்ன உருப்படிகள் வாசிக்கும் நேரம். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "இனி வாசிக்கப்போறது என்ரை தங்கச்சி போட்ட மெட்டு" என்றார். பெண்கள் பக்கத்தில் இருந்த என்னைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். என் மாணவிகள் இருவர் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். நான் தலையைக் குனியவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

நான் எழுதிய காலப்பிரமாணத்தைவிடக் கொஞ்சம் விரைவாக வாசித்தார். கச்சேரி முடிந்ததும் அதையும் சொன்னேன். "ஓம், இசையமைப்பாளர் சொன்னால் சரிதானே" என்று வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.