கொட்டகை வாசலில் கூப்பிட்ட பெயர்

சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவோம். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு அக்கா. பாதிப் பிள்ளைகள் தொட்டிலில், மீதி அவள் முந்தானையைப் பிடித்தபடி. அவளுக்கு அரைக்கூலிதான். உட்கார்ந்து பார்க்கிற வேலையாம்! என் மகன் ஒருவனை ஒரு பகல் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஐம்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் அக்காவின் புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு, கூலியாட்களை மேய்க்கும் கங்காணி வந்து, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலிபண்ணச் சொன்னார். முழுக்கூலி ஆளுக்குத்தான் வீடு. முழுக்கூலி வேண்டுமென்றால் காலைப் பெரட்டில் நின்று, கங்காணி பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். நாங்கள் பெரட்டுக்கு ஓடுகிற அதே நேரத்தில்தான் அவள் கொட்டகையில் எங்கள் பிள்ளைகளை வாங்கிக்கொண்டிருப்பாள். அப்புறம் எப்படிப் போய் நிற்பது?

“வேற தோட்டத்துல போய்க் கேட்டுப் பாக்குறேன் தாயி,” என்றாள் என்னிடம். நான் அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை. அன்று சாயங்காலமே லயத்துப் பெண்களைக் கூட்டிப் பேசினேன்.

மறுநாள் ஒருத்தியும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை. அக்காவையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பெரட்டில் முன்னால் நிறுத்தினோம். கங்காணி முதல் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று. என் மகன் சும்மா இருப்பானா? கூப்பிட்ட பெயரும் கேட்கவில்லை, கொடுத்த குரலும் கேட்கவில்லை.

“பிள்ளைகள எதுக்கு இங்க கொண்டாந்தீக?” என்று கத்தினார் கங்காணி.

“அக்கா பெரட்டுல நிக்காகல்ல, அங்க பாக்க ஆளில்ல. உக்காந்து பாக்குற வேலதான, நீங்களே பாத்துக்கிடுங்கய்யா,” என்று மகனை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சட்டை நனைந்துபோயிற்று.

சத்தம் கேட்டுப் பங்களாவிலிருந்து தோட்டத்துத் துரை இறங்கி வந்தார். அக்காவின் கூலியையும் வீட்டையும் பற்றி அவரிடம் சொன்னோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பறிக்காத கொழுந்து முற்றிவிடுமே என்ற கவலைதான் அவருக்கு. எங்கள் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. “அவள் வேலை செய்கிற இடத்திலேயே போய்ப் பெயரைக் கூப்பிடு. முழு ஆள்தான்,” என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை கங்காணி குடையும் கையுமாக மேட்டில் ஏறி, காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டபடி கொட்டகைக்கு வந்தார். நேரமாகிறது என்று தெரிந்தும் நாங்கள் நகரவில்லை. அவர் பெயரைக் கூப்பிட்டார். அக்கா, அக்கா என்றே பழகிய எங்களில் பலர் அவள் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

“இருக்கேன்!”

அவள் போட்ட சத்தத்தில் தொட்டிலில் இருந்ததெல்லாம் விழித்து அழ ஆரம்பித்தது. முழுக்கூலிக்காரி தொட்டில் ஆட்ட உள்ளே ஓடினாள்.