வயர் இல்லாத பிளக்

புத்தூரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த பெக்கோ திடீரென நின்றுபோனது. ஜப்பானில் பாவித்துக் கழித்த, மண் தோண்டும் இயந்திரம். எஞ்சின் ஓடியது, தோண்டும் கை அசையவில்லை. அதன் கம்பியூட்டர் பெட்டிகளுக்கிடையே தொடர்பில்லை என்று திரை காட்டியது.

பழுது பார்க்கப் போனவன் நான். அதன் ஓட்டுநரை எனக்குப் பிடிக்காது. நான் கைவைத்த பிறகுதான் இயந்திரம் இடைக்கிடை நிற்கிறது என்று சொல்லித் திரிந்தவர். வயர்களைச் சோதிக்கும் மீற்றரை எடுக்காமலே முதலாளியிடம் சொன்னேன்:

"உவர் கபினுக்குள்ளை தண்ணி அடிச்சுக் கழுவியிருக்கிறார். பெட்டியளுக்குள்ளை தண்ணி போயிட்டுது."

"நான் துணியாலைதான் துடைச்சனான்," என்றார் ஓட்டுநர்.

"திறப்பைத் தந்திட்டு வெளிக்கிடும். இனி வேலைக்கு வரவேண்டாம்," என்றார் முதலாளி அவரிடம்.

மறுநாள்தான் மீற்றரை வைத்தேன். தொடர்பு வயர்களில் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டியது. இரு முனைகளிலும் இருக்க வேண்டிய மின்தடைகளில் ஒன்று இல்லை. போன மாதம், வயரே போகாத ஒரு சின்னப் பிளக்கை வீண் சாமான் என்று நான்தான் கழற்றியிருந்தேன். தடை அதற்குள் இருந்திருக்கிறது. என் ஆயுதப் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்து மாட்டினேன். கை எழுந்தது.

"தண்ணி காஞ்சிட்டுது," என்றேன் முதலாளியிடம்.

ஒரு கிழமை கழித்து ஓட்டுநரின் வீட்டுக்குப் போனேன். அவர் படலையைத் திறக்கவில்லை.

"அண்ணை, பிழை என்னிலைதான்."

"உதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? எனக்கு முதலே தெரியும். முதலாளியிட்டைப் போய்ச் சொல்லு."

நான் போகவில்லை. அந்தப் பெக்கோவை இன்றும் நான்தான் பார்க்கிறேன். புது ஓட்டுநர் கபினுக்குள் ஈரத்துணிகூடக் கொண்டுபோவதில்லை. முதலாளி அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.