நாவலின் ஓரத்தில் எழுதிய வரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆரணியில் நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் நடந்தது இது. அங்கே என் கையெழுத்துக்கு ஏக மரியாதை. சான்றிதழில் பெயர் எழுதுவதிலிருந்து கரும்பலகைப் பொன்மொழி வரை எல்லாம் என் தலையில்தான் விழும். வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் கர்வம்தான்.

கணக்கு எடுக்கும் டீச்சர் ஒரு முஸ்லிம் பெண், என்னைவிட ஐந்து வயது இளையவள். அப்போதே ஆறு வருடமாக மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். வாய் நிறைய "அக்கா" என்பாள். என் தங்கை கல்யாணத்துக்கு நெசவாளர் வீடு வீடாக என்னோடு ஏறி இறங்கி, பேரம் பேசிப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தவள்.

அந்தச் சமயத்தில் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்திருந்தேன். இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் தெருவில் வளரும் ஓர் இந்துச் சிறுமியின் கதை. கலவரத்தில் ஒரு கடை எரிகிறது. பழி பக்கத்து வீட்டு முஸ்லிம் தையல்காரர் மேல் விழுகிறது. அந்த வாரம் எங்கோ நடந்த கலவரத்தைப் பற்றி என் போனில் கண்ட கண்ட செய்தியெல்லாம் வந்து குவிந்திருந்தது. அந்தச் சூட்டில் பேனாவை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில், "இவங்க புத்தியே இதுதான், எங்க இருந்தாலும் மாற மாட்டாங்க" என்று எழுதிவிட்டேன். நூலகப் புத்தகத்தில் கருத்து எழுதி வைக்கும் கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு.

கடைசியில்தான் தெரிந்தது, கடையைக் கொளுத்தியது அந்தச் சிறுமியின் அப்பா. குடும்பமே அதை வருடக்கணக்காக மறைத்திருக்கிறது. தேம்பித் தேம்பி அழுதேன். எழுதியதை அடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு வேலை அவசரத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? சாப்பிடும்போது அவளிடம், "லைப்ரரிலதான் இருக்கு, கண்டிப்பா படி, அழுதுடுவ" என்று சொன்னதும் நானேதான்.

பத்து நாள் கழித்து அவள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாப்பாட்டையும் வகுப்பறைக்கே எடுத்துப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாவல் படித்தாயா என்று கேட்டபோது, "படிச்சிட்டேன் டீச்சர், ஒங்க எழுத்தையும் சேத்துதான்" என்றாள்.

சாயந்திரமே நூலகத்துக்கு ஓடி, ஓர் எழுத்தும் தெரியாதபடி அதைக் கிறுக்கி அழித்தேன். படித்தவள் படித்தாயிற்று, இனி அழித்து என்ன?

மறுநாள் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன் என்றேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"கோவத்துல எழுதினீங்க, சரி. ஆறு வருஷமா பக்கத்துல ஒக்காந்து சாப்டுகினு இருந்தோமே, அப்பல்லாம் என்ன பாத்தும் இப்டிதான் நெனச்சிகினு இருந்தீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவள் நான் பதில் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

இப்போது பேசிக்கொள்கிறோம், சிரிக்கிறோம். ஆனாலும் கதையில் வந்த யாரோ ஒரு சிறுமிக்காக அழத் தெரிந்த எனக்கு, எதிரே நின்றவளிடம் ஒரே ஒரு "இல்லை" சொல்ல முடியாமல் போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.