சக்கரத்தில் கொட்டிய ரப்பர் பால்

என் இருபதுகளில், மலேசியாவின் ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். ஒரு நாள் நண்பன் ராஜுவின் புது மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்தேன். கிராணியைக் கண்டால் தொழிலாளர்கள் பாதையை விட்டு இறங்கி நிற்பது அங்கே வழக்கம். பால்வாளிகளோடு வந்த வீரம்மாவும் இறங்கித்தான் நின்றாள். வண்டி தடுமாறி அவளை இடித்தது. அவளுடைய அன்றைய உழைப்பு முழுவதும் சக்கரத்தில் கொட்டியது.

“மன்னிச்சிருங்கய்யா,” என்றாள் அவள்.

“காயுறதுக்குள்ள தொடைச்சிரு,” என்றேன் நான்.

அவள் குனிந்து முந்தானையால் துடைத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ராஜு சிரித்தான்.

“பாலாபிஷேகமே ஆயிருச்சி மச்சான்! ஞாயித்துக்கிழமை எல்லாரும் சிலிம் ரிவர் போலாமா?”

“போலாம். நான் வாரேன்.”

அவள் முதுகுக்கு மேலாகவே பேசி முடித்தோம். சொன்னபடி போய்வந்தோம். அன்று எனக்கு எதுவுமே உறுத்தவில்லை. அதை நினைக்கும்போதுதான் இந்த வயதில் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.